தானே போய் மாட்டிக்கொள்ளும் நொதி

கேள்வி: அமாக்சிசிலின் மாத்திரை பாக்டீரியாவின் நொதியை முடக்குகிறது என்கிறார்கள். எப்படி? அட்டையில் கிளாவுலானிக் அமிலம் என்றும் போட்டிருக்கிறதே, அது எதற்கு?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாக்டீரியாவின் செல்சுவர், சர்க்கரைச் சங்கிலிகளைக் பெப்டைடு எனப்படும் குட்டையான அமினோ அமில இழைகளால் குறுக்கே பிணைத்துக் கட்டியது. அந்தப் பிணைப்பைப் போடும் நொதி டிரான்ஸ்பெப்டிடேஸ். புதிய இழையின் நுனியில் டி-அலனின் என்னும் அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். நொதியிலுள்ள செரின் என்னும் அமினோ அமிலம் அவ்விரண்டுக்கும் இடையே வெட்டி, கடைசி அலனினைக் கழற்றிவிட்டு, மிச்ச இழையைச் சிறிது நேரம் தன்மேல் ஏந்தி, பக்கத்து இழையோடு சேர்த்துவிடும்.

பென்சிலினின் வடிவம் அந்த இரட்டை அலனினை ஒத்திருக்கிறது என்ற விளக்கத்தை டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் ஆகிய இருவரும் 1965இல் முன்வைத்தனர். ஃபிளெமிங் 1928இல் பென்சிலின் சுரக்கும் பூஞ்சையைக் கவனித்ததிலிருந்து இதற்கு 37 ஆண்டுகள் ஆயின. பென்சிலினில் நான்கு அணுக்களால் ஆன பீட்டா-லாக்டம் வளையம் ஒன்று உண்டு. இழுத்துக் கட்டிய வில்லைப் போன்ற அந்த வளையத்தைத் தன் வழக்கமான இழையென்று எண்ணிச் செரின் தாக்க, வளையம் திறந்து செரினோடு சகப்பிணைப்பில் ஒட்டிக்கொள்கிறது. சாதாரண வினையில் கழன்ற அலனின் விலகிப்போவதால் அடுத்த இழைக்கு இடம் கிடைக்கும். இங்கோ உடைந்த வளையத்தின் எந்தத் துண்டும் வெளியேறாமல் வாசலை அடைத்து நிற்கிறது. பல நொதிகளில் இந்த அடைப்பு மணிக்கணக்கில் நீடிக்கும்; சாதகமான சூழலில் ஈ.கோலை என்னும் பாக்டீரியா 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிவதை நினைத்துப் பாருங்கள். பிணைப்பு நின்றாலும் பழைய சுவரை வெட்டும் நொதிகள் ஓய்வதில்லை. எனவே உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடிக்கிறது. (வளராமல் உறங்கும் பாக்டீரியாவிடம் பென்சிலின் அவ்வளவாகப் பலிக்காததும் இதனால்தான்.) நம் செல்களுக்கு இத்தகைய சுவரே கிடையாது.

இனி கிளாவுலானிக் அமிலம். சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்னும் வேறொரு நொதியைச் சுரக்கின்றன. அதன் பெரும்பாலான வகைகளும் செரினால்தான் வளையத்தைத் திறக்கின்றன. ஆனால் அருகிலேயே ஒரு நீர் மூலக்கூறை ஆயத்தமாக வைத்திருந்து, ஒட்டிய மருந்தை உடனே கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகின்றன. கிளாவுலானிக் அமிலத்திலும் பீட்டா-லாக்டம் வளையம் இருப்பதால் அந்த நொதி அதையும் பிடிக்கிறது. பிடித்தபின் அது உருமாறி நொதியோடு இறுகிவிடுவதால், அமாக்சிசிலின் சிதையாமல் டிரான்ஸ்பெப்டிடேஸைச் சென்றடைகிறது.