பழைய டீசல் பிக்கப்பில் டர்போ மாற்றும்போது பெரிய டர்போவாகப் போடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 மாடல் பொலேரோ பிக்கப், இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. லோடு ஏற்றினால் கத்திப்பாரா மேம்பாலத்தில் மூச்சு வாங்குகிறது, பின்னால் கறுப்புப் புகை. மெக்கானிக் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பகுதி) போய்விட்டது என்கிறார். எப்படியும் மாற்றத்தான் போகிறோம், கொஞ்சம் பெரியதாகவே போட்டால் இழுவை கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னைக்குள் லோடு அடிக்கிற வண்டி என்றால் பெரிய டர்போ வேண்டாம், கம்பெனி அளவே போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பழைய டர்போ ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டவே கூடாது. நான் அப்படி மாட்டி இரண்டு முறை பணம் கட்டியவன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களுக்குச் சிடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் பிளைவுட் கடை. வண்டி உங்களுடையது மாதிரியேதான், இரண்டரை லிட்டர் டீசல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் ஒரு சைட்டில் லோடு இறக்கப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அப்புறம் கட்டி இழுத்துவந்து, ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி ஓட்ட ஆரம்பித்துவிட்டோம். பிப்ரவரியில் இழுவை குறைந்தது. முதலில் பார்த்த பட்டறையில் ரீகண்டிஷன் டர்போ ஒன்றை அரை நாளில் மாட்டிக் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் மதுரவாயல் பைபாஸில் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஒரு ஊளைச் சத்தம், கண்ணாடியில் பார்த்தால் சாலையே தெரியாத அளவுக்கு நீலப் புகை.

சென்னையில் பாடி என்கிற பகுதியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் டர்போவைத் தொடவே இல்லை. அதற்கு ஆயில் போகிற சின்னக் குழாயைக் கழற்றி ஒரு முனையில் காற்று அடித்தார். மறுமுனையில் காற்று வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியதும் தார் மாதிரி கறுப்புப் பசை வெளியே வந்தது. "தம்பி, இது ஆயில் கிடைக்காம செத்திருக்கு. கம்பெனி பெட்டியைப் பிரிச்சுப் புதுசு போட்டாலும் இதே கதிதான்" என்றார். வெள்ளத்தில் ஆயிலோடு தண்ணீர் கலந்து கசடாகியிருக்கிறது. ஒரே ஒரு முறை ஆயில் மாற்றியதில் அது முழுசாகப் போகவில்லை. அந்தக் குழாயின் விலை ஆயிரம் ரூபாய்கூட இல்லை.

டர்போவுக்குள் இருக்கும் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. இந்த வகை வண்டிகளில் அதற்குப் பால் பேரிங் கிடையாது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டே சுற்றுகிறது. ஆயில் சில நொடி வராமல் போனால் உலோகம் உலோகத்தில் உரசி, கதை முடிந்துவிடும். அழுக்கு ஆயில் வந்தால் கொஞ்சம் மெதுவாக அதே முடிவு.

சரி, உங்கள் வண்டியில் போனது டர்போதானா? நீங்கள் சொல்லும் அடையாளம் கறுப்புப் புகையும் இழுவை இல்லாததும். டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்பதுதான் கறுப்புப் புகை. டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ் கிழிந்தாலும் இதேதான் நடக்கும். ஹோஸின் அடிப்பக்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவிப் பாருங்கள், ஆயில் பிசுபிசுப்பு தட்டுகிற இடத்தில் வெடிப்பு இருக்கும். ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். மெட்ரோ வேலை நடக்கிற சாலைகளில் தினமும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கு சரிவராது, பாதி தூரத்திலேயே அடைத்துக்கொள்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அப்போதுதான் டர்போ மேல் சந்தேகம் வலுக்கும்.

அப்போதும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. வண்டியை ஐட்லிங்கில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. குபுகுபுவென்று புகை தள்ளினால் இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் பிரீதர் குழாய் அடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வேண்டும். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையில்தான் கீழே இறங்கி, இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்புக்குப் போகிறது. இன்ஜினுக்குள் அழுத்தம் கூடினால் அது இறங்க முடியாமல் சீல் வழியாகக் காற்றுப் பக்கம் கசியும். டர்போ நன்றாகவே இருக்கும், பழி மட்டும் அதன் மேல் விழும். இரண்டரை லட்சம் ஓடிய இன்ஜினில் இதைப் பார்க்காமல் டர்போவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு இன்டேக் ஹோஸைக் கழற்றி, தண்டின் நுனியை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், ஆயில் இல்லாதபோது அது இயல்பு. அதைக் காட்டியே டர்போவை மாற்றச் சொல்பவர்கள் உண்டு, ஏமாறாதீர்கள். உள்ளே வெளியே இழுத்தால் ஆட்டம் தெரியக் கூடாது, தண்டின் நுனியில் இருக்கும் சின்னச் சக்கரத்தின் இறக்கை கூட்டில் உரசிய தடமும் இருக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் டர்போவை மாற்ற வேண்டியதுதான்.

எங்கே வாங்குவது? புதுப்பேட்டையில் கழற்றிய டர்போ கிடைக்கும், புதிதும் ரீகண்டிஷனும் வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையில் சில பொருள்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன், டர்போவை மட்டும் வாங்கமாட்டேன். அது எந்த விபத்தில், எந்த வெள்ளத்தில் இருந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ரீகண்டிஷன் என்றால் நடுப்பகுதியான கோர் மட்டும் புதிதாக வரும், அதை மெஷினில் போட்டு பேலன்ஸ் பார்த்தார்களா என்று கேளுங்கள். பேலன்ஸ் பார்க்காத கோர் ஒரு லட்சம் சுற்றில் தாங்காது. இரண்டாவது முறை நான் புதிதே வாங்கினேன். டர்போ தயாரிக்கும் டர்போ எனர்ஜி நம் சென்னைக் கம்பெனிதான், அதனால் நம் ஊரில் புதிது கிடைப்பது பெரிய சிரமமாக இல்லை. பழைய டர்போவின் தகட்டில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கண் அளவுக்கு ஒரே மாதிரி தெரிவது வேறு வண்டிக்கு உரியதாக இருக்கும்.

மாட்டும் நாளில் கூடவே நில்லுங்கள். முந்தின இரவே இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டில் டர்போவைப் பிடித்திருக்கும் ஸ்டட்களில் துரு இளக்கும் ஆயில் அடித்து வைக்கச் சொல்லுங்கள். பல வருடச் சூட்டில் வெந்த ஸ்டட் அவசரப்பட்டால் முறிந்துவிடும், அப்புறம் லேத் பட்டறைக்கு அலைய வேண்டியதுதான். ஆயில் பைப்பைக் கழுவிப் போடவே கூடாது, புதிதுதான் போட வேண்டும், செம்பு வாஷரும் புதிது. கீழே இறங்கும் ரிட்டர்ன் பைப்பையும் சுத்தம் செய்யுங்கள், அது மடங்காமல் நேராக இறங்க வேண்டும். கேஸ்கெட் வைக்கும் இடத்தில் சிலர் சிலிக்கான் பேஸ்ட் தடவுவார்கள். கையைப் பிடித்துத் தடுங்கள். பிதுங்கிய துணுக்கு ஒன்று ஆயில் துளையை அடைத்தால் புது டர்போவும் போய்விடும்.

இன்டர்கூலரை அவசியம் கழற்றிக் கழுவுங்கள். பழைய டர்போ கக்கிய ஆயில் அதற்குள் தேங்கியிருக்கும், உடைந்த இறக்கைத் துணுக்கும் இருக்கலாம். அந்த ஆயிலை இன்ஜின் மொத்தமாக உறிஞ்சினால் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் ஓட்டுபவர் பிரேக்கை அழுத்தி, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு இன்ஜினை நிறுத்த வேண்டும். கடையில் யார் வண்டி எடுத்தாலும் இதை நான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

கடைசியாகப் பைப் இணைப்பதற்கு முன்னால் டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிவிடுங்கள். டீசல் போகாமல் தடுத்துவிட்டு இரண்டு மூன்று தடவை செல்ஃப் மட்டும் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நாலைந்து நிமிடம் ஐட்லிங், ரேஸ் கொடுக்கவே கூடாது.

இனி பெரிய டர்போ விஷயத்துக்கு வருகிறேன். டீசல் இன்ஜினில் சக்தி டீசலிலிருந்து வருகிறது, அதை முழுசாக எரிக்கக் காற்றைக் கொடுப்பதுதான் டர்போவின் வேலை. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் புகை குறையும், இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது. பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் திருகித் திருகி டீசலைக் கூட்டுவார்கள். கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்தும் சிஆர்டிஐ என்றால் அந்தக் கம்ப்யூட்டரான ஈசியூவில் ரீமேப் (புரோகிராமை மாற்றுவது) செய்யாமல் ஒன்றும் நடக்காது. காற்றழுத்தம் அளவு மீறினால் சென்சார் கண்டுபிடித்து வண்டியைச் சக்தி குறைத்து ஓட்டும் லிம்ப் மோடில் தள்ளிவிடும்.

அடுத்தது, பெரிய சக்கரம் வேகம் எடுக்க அதிகப் புகைக்காற்று வேண்டும், அதாவது அதிக ஆர்பிஎம் வேண்டும். நம் பிக்கப் நாளெல்லாம் எங்கே ஓடுகிறது? கோயம்பேட்டிலிருந்து வடபழனி வரை நூறடி ரோட்டில், இரண்டாவது மூன்றாவது கியரில், 1500க்கும் 2000க்கும் நடுவில். சரியாக அங்கேதான் பெரிய டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு டன் பிளைவுட் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தின் அடியில் சிக்னலில் நின்று கிளம்பும்போது உங்களுக்கு வேண்டியது அந்தக் கீழ் ஆர்பிஎம் இழுவைதான். அதை விற்று மேல் ஆர்பிஎம்மில் வேகம் வாங்குவது நஷ்ட வியாபாரம்.

சூட்டையும் யோசியுங்கள். டீசலைக் கூட்டினால் புகைக்காற்றின் சூடு ஏறும். சுத்தமான அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், பிஸ்டனின் கலவை அதற்கும் முன்னாலேயே இளகும். டர்போவுக்கு முன்னால் புகைக்காற்று 700 டிகிரியைத் தாண்டி நிமிடக்கணக்கில் நின்றால் எனக்குப் பயம்தான். நிறுத்தாமல் மலை ஏறும்போதுதான் அந்த நிலை வரும். ரீமேப் செய்தே தீருவேன் என்றால் மேனிஃபோல்டில் சூடு காட்டும் கேஜை முதலில் போடுங்கள், அப்புறம் ரீமேப்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, ஆர்சியில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறிப்போகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. தகுதிச் சான்றான எஃப்சிக்குப் போகும்போது புகை சோதனையும் உண்டு. பி.எஸ்.4 மாசு விதிப்படி வந்த டீசல் வண்டிக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் (புகை அடர்த்தியின் அளவு), அதற்கு முந்தையதற்கு 65 வரைதான் அனுமதி. டீசலைக் கூட்டிய வண்டி அங்கே திணறும்.

நான் செய்த மாற்றம் சின்னதுதான். கம்பெனி அளவு டர்போ, புது ஹோஸ்களுக்கு நல்ல கிளாம்ப், இன்டர்கூலர் கழுவல், உள்ளே கரி அடைத்திருந்த சைலன்சருக்குப் பதில் புதிது, டாஷ்போர்டில் டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் ஒரு பூஸ்ட் கேஜ். இழுவை நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் திரும்பியது. ஏப்ரலில் ஏலகிரியில் ஒரு ரிசார்ட்டுக்கு முழு லோடு போனது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் ஏறியது, கறுப்புப் புகை இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டேன். சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் திடீரென்று நின்றால் உள்ளே இருப்பது கருகிக் கட்டியாகும், அடுத்த அடைப்புக்கு அதுவே ஆரம்பம்.

புது டர்போ போட்டு 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை ஒருமுறை மாற்றிவிடுங்கள். அன்றைக்கே எல்லா ஹோஸ் கிளாம்பையும் ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள். எங்கள் வண்டியில் இரண்டு கிளாம்ப் அரைச் சுற்று இறங்கியது.