கொடிக்குக் கீழே என்ன இருக்கிறது?

கேள்வி: ஈப்போவுக்கு அருகே என் தம்பி வீட்டின் பின்புறம் பழைய ஈயச் சுரங்க நிலம் இருக்கிறது. வெறும் மணலாகக் கிடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குத்தகைக்காரர் செடி நட்டார். இப்போது "90 விழுக்காடு பசுமை, வேலை முடிந்தது" என்கிறார். தம்பி அனுப்பிய படத்தை இணைத்துள்ளேன். நம்பலாமா?
– வாசகி, ஆங் மோ கியோ

பதில்: குத்தகைக்காரர் பொய் சொல்லவில்லை, சகோதரி. பாதியைச் சொல்கிறார்.

படத்தில் தரையை மூடியிருப்பது மூன்றிலைக் கொடி. ரப்பர் தோட்டங்களில் மண்ணைக் காக்கப் படரவிடும் பியூரேரியா போல் தெரிகிறது. ஜொகூர் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அது பழைய சிநேகம். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் சேர்க்கும். சத்தற்ற சுரங்க மணலுக்கு நல்லதுதான். ஆனால் ஒரே கொடி படர்ந்தாலும் 90 விழுக்காடுதான், முப்பது வகைச் செடி முளைத்தாலும் 90 விழுக்காடுதான்.

தம்பியே அளந்து பார்க்கலாம். 50 மீட்டர் நாடாவை இழுத்துக் கட்டி, அரை மீட்டருக்கு ஒருமுறை மெல்லிய கம்பியை நேராக இறக்கச் சொல்லுங்கள். நூறு இடம். கம்பி தொடுவது எந்தச் செடி, சருகா, வெறும் மணலா என்று எழுத வேண்டும். நூறில் தொண்ணூறு இடத்தில் செடி பட்டு, அதில் எண்பத்தைந்து கொடியாகவே இருந்தால் நிலைமை புரிந்துவிடும். கொடியை விலக்கி அடியிலும் பாருங்கள். யாரும் நடாமல், பறவை எச்சத்தில் வந்து முளைத்த செண்டுடோக் புதர்ச்செடியின் கன்று ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு அந்த 90ஐவிட அதுதான் பெரிய செய்தி. ஊதாப் பூ, தின்றால் நாக்கைக் கறுப்பாக்கும் பழம், தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

நாடாவை எங்கே போடுவது என்பதைக் கண் தீர்மானிக்கக் கூடாது, சீட்டுக் குலுக்குங்கள். ஆசிரியையாக இருந்தபோது மாணவர்களைப் புலாவ் உபின் தீவுக்கு அழைத்துப்போய், ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசி, விழுந்த இடத்தில் எண்ணச் சொல்வேன். அன்று மாலை தாள்களைப் பார்த்தால் ஒருவர் சட்டம்கூடத் தொட்டாற்சுருங்கி முள்மேல் விழவில்லை! திரும்பி நின்றாலும் கைக்கு வழி தெரிகிறது.

இன்னொன்று, கடைசியாக எப்போது உரமிட்டார் என்று குத்தகைக்காரரிடம் கேளுங்கள். நிலக்கரிச் சுரங்க நிலங்களுக்கான அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டம், விதைப்பும் உரமும் பாசனமும் நின்ற பிறகே, செடிகளுக்குச் சுரங்க நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய காலத்தை எண்ணத் தொடங்குகிறது. மழை மிகுந்த பகுதியில் 5 முழு ஆண்டுகள். ஆண்டுக்கு 26 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ பெய்யும் பகுதியில் 10. ஈப்போவில் அந்தச் சட்டம் செல்லாது, கேள்வி செல்லும்.

பெயர் தெரியாத செடிக்கு "செடி 1", "செடி 2" என்று எண் கொடுத்து, ஓர் இலையைப் பழைய செய்தித்தாளில் அழுத்தி வைக்கட்டும். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே கோட்டில் மீண்டும் அளக்க வேண்டும். கோட்டின் இரு முனைக்கும் மரக்குச்சி வேண்டாம், கறையான் தின்றுவிடும். பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும்.