டாட் இன்னா, டாட் காமா?

கேள்வி: கரூர்ல இருந்து பெட்ஷீட், டவல் விக்கிறோம். சைட் டாட் இன்ல இருக்கு. டாட் காம்னாதான் கூகுள்ல மேல வரும்னு ஒருத்தர் சொல்றார், மாத்திடலாமா சார்? – வாசகி, கரூர்

பதில்: அவசரப்பட்டு மாத்தாதீங்கம்மா. டாட் காம்ங்கிறதுக்காக கூகுள் தனி மார்க் எதுவும் போடுறதில்ல, டாட் ஷாப், டாட் ஆன்லைன் மாதிரி புதுசுக்கும் அதே கதைதான், 2015லயே அவங்க இத வெளிப்படையா சொல்லிட்டாங்க. டாட் இன் விஷயம்தான் கொஞ்சம் வேற. இது இந்தியாவுல இருக்கவங்களுக்கான சைட்டுனு கூகுள் எடுத்துக்கும், உள்ளூர் கஸ்டமர்தான் அதிகம்னா அது உங்களுக்கு நல்லதுதானே! வெளிநாட்டு ஆர்டர்தான் முக்கியம்னா டாட் காம் யோசிங்க. டாட் ஐஓ, டாட் டிவி எல்லாம் பேருக்குத்தான் நாட்டுக்கானது, கூகுள் அத பொதுவாதான் பாக்குது.

அப்படியே மாறினாலும் பழைய பக்கம் ஒவ்வொண்ணையும் அதே பொருளோட புது பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வர்றவங்கள நிரந்தரமா புது முகவரிக்கு அனுப்புற ஏற்பாடு) பண்ணுங்க, மொத்தத்தையும் முகப்புக்கே திருப்பி விட்டுட்டா இத்தன வருஷம் சேர்த்த பேரு வீணாப் போயிடும், எனக்குத் தெரிஞ்ச ஒரு கடைக்காரர் அப்படித்தான் மாட்டிக்கிட்டு தவிச்சார். டாட் காமுக்கு மாற செலவழிக்கிற காசுல நல்ல போட்டோ எடுங்க, டவல் எத்தன இன்ச், எத்தன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்), சாயம் போகுமா போகாதானு விவரமா எழுதுங்க. வெறுமனே 'காட்டன் டவல்'னு போட்டா கூகுளுக்கு என்னம்மா புரியும்?