கலைத்திட்டம் மாறியபோதும் பாடவேளை நாற்பது நிமிடமாகவே இருந்தது

"புதிய கலைத்திட்டத்தைப் பாடசாலையில் நடைமுறைப்படுத்தும்போது உண்மையில் என்னென்ன சிக்கல்கள் வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அண்மையில் நியமனம் பெற்று, சேவைக்காலப் பயிற்சியொன்றுக்குப் போய்க் குழம்பித் திரும்பியவர் நீங்கள் என்று ஊகிக்கிறேன், தவறாயின் பொறுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், 2007 ஆம் ஆண்டின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

அவ்வாண்டு தரம் 6 இலும் தரம் 10 இலும் தேர்ச்சிமையக் கலைத்திட்டம், அதாவது மனனத்தைவிடச் செய்துகாட்டும் திறனை முன்வைக்கும் பாடத்திட்டம், அறிமுகமானது. ஈடுபடுத்தல், தேடியறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும், அதில் ஒரு பாடத்தை நடத்தவேண்டிய ஐந்து கட்டங்களுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து 'ஈ' என்பதால் அதற்கு 'ஐந்து ஈ முறை' என்று பெயர். ஆசிரியர் அறையில் "என்ன, ஈ ஓட்டி முடிந்ததா?" என்று கேட்டுக்கொள்வோம். சிரிப்புக்குத்தான் சொன்னோம், ஆனால், முன்னாயத்தம் செய்யாமல் போன நாட்களில் உண்மையிலேயே ஈதான் ஓட்டினோம்.

அந்த முறைக்கு முதலில் வேண்டியவை டிமை தாள் எனப்படும் பெரிய வெற்றுத்தாளும் மார்க்கர் பேனையும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் போரினால் மூடப்பட்டபின் குடாநாட்டுக்குப் பொருள்கள் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம் அது. அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற ஊரில், குழுவுக்கொரு டிமை தாள் என்று ஆசிரியர் வழிகாட்டி எழுதியிருந்தது. நாங்கள் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தைப் பயன்படுத்தினோம். கப்பல் வராததற்கு மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் இருந்து வழிகாட்டி தயாரித்தவர்களை நான் குறைகூறவில்லை. நாட்டின் எல்லா வகுப்பறைகளிலும் ஒரே கடை திறந்திருக்கும் என்ற எண்ணத்தோடு அதை எழுதியதைத்தான் குறைகூறுகிறேன்.

அமிலம், காரம் பற்றிய பாடத்துக்கு எங்கள் ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத் தாள் (லிட்மஸ் தாள்) தீர்ந்திருந்தது. பிள்ளைகளைச் செவ்வரத்தம்பூ கொண்டுவரச் சொன்னேன். பூவைக் கசக்கி வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றில் தேசிக்காய்ப்புளி விட்டதும் கடுஞ்சிவப்பானது. வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிவை விட்டதும் பச்சையானது. எப்போதும் பின்வாங்கில் தூங்கும் மாணவன் ஒருவன் அன்று வாங்கின்மேல் ஏறி நின்று பார்த்தான். ஆகவே, நான் புதியவற்றுக்கு எதிரானவன் என்று யாரும் எழுத வேண்டாம். என் பணிக்காலத்தில் மிகச் சிறந்த பாடங்களில் ஒன்று அதுவே.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அன்று பாடவேளை நாற்பது நிமிடம். வகுப்பில் 42 பேர். மேசைகளைத் தள்ளிக் குழுவாக அமர்வதற்கே எட்டு நிமிடம் போய்விடும். மூன்றாவது குழு தன் முடிவை வாசிக்கும்போது மணி அடித்தது. கணித ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். ஒரு பாடவேளைக்கு நான் திட்டமிட்ட அந்தப் பாடம் மூன்று பாடவேளைகளை விழுங்கியது. அன்று மாலையே ரியூட்டரியில் (தனியார் வகுப்பில்) அதே பாடத்தைப் பழைய குறிப்பிலிருந்து அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள். மறுநாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, "சேர், நோட்ஸ் எப்ப தருவியள்?" என்று மிகவும் பணிவாகக் கேட்டாள். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. 2008 டிசம்பரில், தரம் 11 முடிவில், அவள் சாதாரண தரப் பொதுப் பரீட்சை எழுத வேண்டும்; அந்தப் புதிய வினாத்தாள் எப்படி வரும் என்று அவளுக்குச் சொல்ல அன்று என்னிடம் ஒரு மாதிரி வினாத்தாள்கூட இல்லை.

பிறகு மேற்பார்வைக்கு ஓர் அலுவலர் வந்தார். வகுப்பறைக்குள் வராமல் கோப்பைப் புரட்டி, "ஐந்தாம் கட்டம் பதியப்படவில்லை" என்று சிவப்பு மையில் எழுதிப் போனார். அன்றிலிருந்து எங்களிற் பலர் பழைய முறையில் கற்பித்து, புதிய முறையில் பதிவெழுதினோம். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூத்த ஆசிரியர்கள் ஏன் எதிலும் ஆர்வமின்றி இருக்கிறார்கள் என்று நீங்கள் வியக்கக்கூடும். 1972 ஆம் ஆண்டின் சீர்திருத்தம் சாதாரண தரத்தை நீக்கித் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழைக் கொண்டுவந்தது. ஆட்சி மாறிச் சில ஆண்டுகளில் அது போய்ச் சாதாரண தரமே திரும்பி வந்தது. அந்த இடைக்காலத்தில் அகப்பட்ட தொகுதியைச் சேர்ந்தவன் நான். பிற்காலத்தில் ஒரு நேர்முகத்தேர்வில் அந்தச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களிடம், 2026 இல் தரம் 1 இலும் தரம் 6 இலும் அடுத்த சீர்திருத்தம் தொடங்கும் என்று அறிவித்தபோது, "இது எத்தனை வருடம் நிற்கும்?" என்ற கேள்வியே முதலில் எழுந்தது.

அடுத்த பயிற்சிக்குப் போகும்போது வளவாளரிடம் (பயிற்சி நடத்துபவரிடம்) இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: ஒரு செயற்பாட்டை நாற்பது பிள்ளைகளுடன் நடத்தி நேரம் பார்த்தார்களா, மாதிரி வினாத்தாள் எந்த மாதம் கைக்கு வரும். செவ்வரத்தம்பூவை மாத்திரம் முதல்நாளே பறித்து வைக்காதீர்கள், வாடிவிடும்.