ஆடுகிற வரைக்கும்

அன்புள்ள ஐயா,

1962 உலகக்கோப்பை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிரேசில் கால்பந்து வீரர் கரிஞ்சாவின் ஆட்டத்தைப் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, கடைசியில் 'பிறகு குடியால் வீழ்ந்தார், பாவம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் 'பாவம்' எனக்கு உறுத்துகிறது. என் அண்ணனும் கால்பந்து ஆடியவர்தான். மாவட்ட அணிக்கு ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போனார். முட்டி போனது, குடி வந்தது, அண்ணியை அடித்தார், 44 வயதில் ஈரல் கெட்டுச் செத்தார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் 'அவள் வந்த ராசி' என்றுதான் பேசுகிறார்கள். என் அண்ணனைப் பாவம் என்று யாரும் எழுதவில்லை. எழுதவும் வேண்டாம். திறமை இருந்தால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாமா? கரிஞ்சாவை அழித்தது கரிஞ்சாதான் என்று சொல்ல உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. உடனே பதில் எழுத முடியவில்லை. அந்த வரியை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. ஒரு மனிதர் இருபது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்ததையும், அவரோடு சேர்ந்து அடிபட்டவர்களையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டேன்.

கரிஞ்சா 1933-ல் பிறந்த பாவ் கிராண்டி, ரியோவுக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மில் ஊர். வீடு, வேலை, விளையாட்டு மைதானம் எல்லாமே அந்தத் துணி மில்லைச் சார்ந்துதான். இயற்பெயர் மனுவேல். கரிஞ்சா என்பது ஒரு சின்னக் குருவியின் பெயர், அக்கா வைத்தது. இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். ஒரு கால் மற்றதைவிட 6 செ.மீ. குட்டை. அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. 14 வயதில் மில்லில் சேர்ந்த பையன் வேலை நேரத்தில் பஞ்சுக்குள் படுத்துத் தூங்கிவிடுவானாம். வேலையை விட்டு எடுத்தார்கள். ஆனால் மில்லின் கால்பந்து அணிக்கு அவன் இல்லாமல் ஆகாது, அதனால் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆடுகிற வரைக்கும் எதுவும் குற்றமில்லை. பிற்பாடு அவர் வாழ்க்கையில் நடந்த ஒவ்வொன்றிலும் எனக்கு இந்தக் கணக்குதான் தெரிகிறது.

1953-ல் பொட்டாஃபோகோ கிளப்பில் ஆட்டம் காட்டப் போனார். எதிரே நின்ற தடுப்பாட்டக்காரர் நில்டன் சாண்டோஸ், அப்போதே பிரேசில் அணியில் இருந்தவர். அவருடைய கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார் கரிஞ்சா. 'இவனை உடனே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நில்டன் சாண்டோஸே கிளப்பிடம் சொன்னார். எதிர் அணியில் இவனைச் சந்திக்க எனக்குத் தெம்பில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அவர் எப்படி ஆடினார் என்பதற்கு ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1958 உலகக்கோப்பைக்குச் சில நாள் முன்பு, இத்தாலியில் ஃபியோரென்டினா கிளப்போடு ஒரு பயிற்சி ஆட்டம். கரிஞ்சா வரிசையாகத் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டினார், கோல்கீப்பரையும் தாண்டினார். காலியான கோல் எதிரே இருக்கிறது, தட்டினால் போதும். அவர் தட்டவில்லை, நின்றார். பின்னால் ஒரு தடுப்பாட்டக்காரர் மூச்சிரைக்க ஓடி வரும் வரை காத்திருந்து, அவரையும் ஒருமுறை ஏமாற்றிவிட்டு, அப்புறம்தான் பந்தோடு கோலுக்குள் போனார். பிரேசில் பயிற்சியாளர்களுக்குக் கடுங்கோபம். உலகக்கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களில் அவரை இறக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் சோவியத் அணிக்கு எதிராக அவரையும் பெலேயையும் சேர்த்து இறக்கினார்கள். பிரேசில் கோப்பையை வென்றது. அவர்கள் இருவரும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை.

1962 பற்றி ஏற்கனவே எழுதிவிட்டேன். ஆனால் அன்றைக்கு வேகமாகக் கடந்துபோன ஓர் இடத்துக்கு மட்டும் திரும்பப் போகிறேன். சிலியோடு நடந்த அரையிறுதியில் இரண்டு கோல் அடித்த கரிஞ்சா, எதிராளியை உதைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். இறுதி ஆட்டத்தில் அவர் ஆடியிருக்கவே கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சும்மா விட்டுவிட்டார்கள். காய்ச்சலோடு இறங்கினார், பிரேசில் 3-1 என்று வென்றது. அன்றைய கட்டுரையில் இதை ஒரு சுவாரசியமாகச் சொன்னேன். இப்போது யோசித்தால், மில்காரர்கள் செய்ததையே கால்பந்து உலகமும் செய்திருக்கிறது.

அப்புறம் முழங்கால். எலும்பு மூட்டு தேய்ந்துகொண்டே வந்தது. கிளப்புக்கு வெளிநாட்டு ஆட்டங்களில்தான் வருமானம், அங்கே கூட்டம் வந்தது கரிஞ்சாவைப் பார்க்க. முட்டியில் சேர்ந்த நீரை உறிஞ்சி எடுத்து, ஊசி போட்டு, மைதானத்தில் இறக்கினார்கள். 1964-ல் அறுவை சிகிச்சை நடந்தபோது காலம் கடந்துவிட்டது. ஒப்பந்தத்தாளில் தொகையை எழுதாமலேயே கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிற மனிதர் அவர். 1966-ல் வேறு கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். அந்த வருடம் இங்கிலாந்தில் நடந்த உலகக்கோப்பையில் ஹங்கேரியிடம் பிரேசில் தோற்றது. கரிஞ்சா பிரேசிலுக்காக 50 ஆட்டம் ஆடியிருக்கிறார். தோற்றது அந்த ஒன்றில் மட்டும்தான், அதுவே கடைசியும் ஆனது. அப்போது வயது 32.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடித்தது கரிஞ்சாதான். மில்லில் வேலை பார்த்த நாயிர் என்ற பெண்ணைச் சின்ன வயதில் மணந்து, எட்டுப் பெண் குழந்தைகளைப் பெற்று, அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் போனது அவர்தான். இதற்கு முட்டி வலியும் சமாதானம் ஆகாது, அப்பாவின் குடியும் ஆகாது. இதைச் சொல்ல எனக்கு மனம் வருகிறது. சொல்லாமல் விட்டதற்கு வருந்துகிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம் என்னைப் பத்து நாளாக விடவில்லை. 'அவள் வந்த ராசி.' கரிஞ்சாவோடு வாழ்ந்த பாடகி எல்சா சோரஸைப் பற்றியும் பிரேசிலில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள்.

எல்சா ரியோவின் குடிசைப் பகுதியில் பிறந்தவர். தண்ணீர் டின்னைத் தலையில் சுமந்து வளர்ந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். 1953-ல், குழந்தையின் மருத்துவத்துக்குப் பணம் வேண்டி ஒரு வானொலிப் பாட்டுப் போட்டிக்குப் போனார். உடம்புக்குப் பொருந்தாத உடுப்பில் வந்து நின்றவரைப் பார்த்து, நடத்துநர் எந்தக் கிரகத்திலிருந்து வருகிறாய் என்று கேட்டார். 'பசிக் கிரகத்திலிருந்து' என்றார் எல்சா. 1962-ல் கரிஞ்சாவோடு பழக்கமானபோது அவர் பெயர் பெற்ற பாடகி. அன்றிலிருந்து நாடே அவரைக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று ஏசியது. கரிஞ்சா சரியாக ஆடாத ஒவ்வொரு நாளும் பழி எல்சாவின் தலையில் விழுந்தது. தேய்ந்த முட்டியை யாரும் பேசவில்லை. வீட்டின் மீது கல்லெறிந்தார்கள். 1970-ல் வீட்டைத் துப்பாக்கியாலேயே சுட்டார்கள். இருவரும் இத்தாலிக்குப் போய்விட்டார்கள்.

அதற்கு முந்தைய வருடம்தான் கரிஞ்சா ஓட்டிய கார் ஒரு லாரியில் மோதி எல்சாவின் அம்மா இறந்திருந்தார். சொந்த அம்மாவைப் பறிகொடுத்த பிறகும் எல்சா அவரை விட்டுப் போகவில்லை. சாராயக் கடை கடையாக ஏறி இறங்கி, இவருக்கு ஊற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, கரிஞ்சாவைச் சுற்றி இருந்தவர்களில் 'போதும், நிறுத்து' என்று விடாமல் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லோருக்கும் கரிஞ்சா ஆட வேண்டியிருந்தது. ஆட முடியாமல் போனதும் அவரால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. எல்சாவுக்கு அடியும் கிடைத்தது. 1977-ல், கரிஞ்சா கை நீட்டிய பிறகு, பிரிந்து போனார். அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு அப்போது ஒரு வயதுதான். ஒன்பது வயதில் அந்தப் பையனும் கார் விபத்தில் இறந்துபோனான்.

1980 கார்னிவல் திருவிழாவில் மங்குவேரா என்ற சம்பா நடனக் குழு கரிஞ்சாவை அலங்கார வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டது. அந்தப் படத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. கூட்டம் கையசைக்கிறது, பாட்டு காதைக் கிழிக்கிறது, அவர் மருந்து மயக்கத்தில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஆட முடியாதவரையும் ஒரு தடவை காட்சிக்கு வைத்துப் பார்த்துவிட்டார்கள். 1983 ஜனவரி 20-ம் தேதி, ஈரல் கெட்டு, 49 வயதில் இறந்தார். உடலை மரக்கானா மைதானத்தில் வைத்தார்கள், அப்புறம் தீயணைப்பு வண்டியில் ஏற்றிச் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக ஜனம். எல்சா அதற்குப் பிறகும் பல வருடம் பாடினார், எண்பது வயதுக்கு மேல் புதிய இசைத்தட்டுகள் வெளியிட்டார். 2022-ல், அதே ஜனவரி 20-ம் தேதி, 91 வயதில் காலமானார்.

உங்கள் அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுத்தவர்கள் முட்டி போன பிறகு அவரை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஊகிக்க மட்டும் முடிகிறது. அவரைப் பாவம் என்று நான் எழுதப்போவதில்லை, நீங்களும் அதைக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் அண்ணி இப்போது எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. விருப்பம் இருந்தால் அதை எழுதுங்கள்.