பக்கத்து வீட்டிலிருந்து வந்த தூக்குச்சட்டி

பக்கத்தில் புதிதாகக் குடிவந்த முஸ்லிம் குடும்பம் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொடுத்தனுப்பியதாகவும், உங்கள் வீட்டில் கறி சாப்பிடுவதில்லை என்பதால் தயங்கி நின்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதை மதக் கடமைக்காகச் செய்கிறார்களா, நட்புக்காகவா, அக்கம்பக்கத்தாரைப் பற்றி இஸ்லாம் அப்படி என்னதான் சொல்கிறது என்று கேட்கிறீர்கள்.

நெல்லைப் பக்கம் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய தெருவில் வளர்ந்தவன் நான். கடமை, நட்பு என்று எங்கள் வீட்டில் யாரும் இதைப் பிரித்துப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நம்மிடம் ஒரு ‘ஹக்’ இருக்கிறது என்பார்கள். உரிமை என்று அர்த்தம். அவர் நல்லவரா, நமக்குப் பிடித்தவரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பக்கத்து வீட்டாரைப் பற்றி வானவர் ஜிப்ரீல் விடாமல் வலியுறுத்திக்கொண்டே இருந்ததில், சொத்திலும் அவருக்குப் பங்கு வைத்துவிடுவாரோ என்று நினைத்ததாக நபி (ஸல்) சொன்னது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆணம் சமைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிவைத்து, பக்கத்து வீட்டாருக்கும் கொடு என்று நபியவர்கள் தோழர் அபூதர்ரிடம் சொன்னார்கள். (எங்கள் பக்கம் குழம்புக்கு ஆணம் என்றுதான் பெயர்.) என் உம்மா இதை எழுத்துக்கு எழுத்து செய்வாள். ஆணம் கொதித்து மேலே எண்ணெய் மிதக்கும் நேரத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றுவாள். சின்ன வயதில் எனக்கு அது பிடிக்காது, எங்கள் தட்டில் காரமும் கெட்டியும் குறைந்துவிடும். கறியைக் கூட்டு என்று சொல்லாமல் தண்ணீரைக் கூட்டு என்று ஏன் சொன்னார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. இல்லாத வீட்டிலும் தண்ணீர் இருக்கும். நபியின் மனைவி ஆயிஷா (ரலி), “எனக்கு இரண்டு பக்கத்து வீடுகள், யாருக்கு முதலில் கொடுக்க” என்று கேட்டபோது, யாருடைய வாசல் உனக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவருக்கு என்று பதில் வந்தது. உங்களுக்கு வந்த தூக்குச்சட்டியும் அப்படி வாசலைப் பார்த்து வந்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் எனக்குள் ஆழமாக இறங்கியது சாப்பாடு இல்லை, ஒரு சுவர்.

எங்கள் வலது பக்கத்து வீட்டு அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். முற்றத்தில் தகரக் கொட்டகை போட வேண்டும், ஒரு பக்கத்துக் கம்புகளை எங்கள் சுவரில் துளை போட்டு ஊன்றிக்கொள்ளலாமா என்று வாப்பாவிடம் கேட்டார். வாப்பா அந்தச் சுவரைப் பூசி வெள்ளையடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. “வேற ஏதாவது வழி பாருங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டார். அவரும் “சரி பாய்” என்று போய்விட்டார். அன்று இரவு இஷா தொழுகை முடிந்து வாப்பா இதைப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் பேச்சுவாக்கில் சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஹஜ்ரத் திட்டவில்லை. புகாரியில் வரும் ஒரு ஹதீஸை மட்டும் சொன்னார். தன் சுவரில் மரக்கட்டை ஊன்ற வரும் பக்கத்து வீட்டுக்காரரை யாரும் தடுக்க வேண்டாம் என்பது நபிமொழி. அதை அறிவித்த நபித்தோழர் அபூஹுரைரா (ரலி), கேட்டவர்கள் முகம் திருப்பியதைப் பார்த்து, “நீங்கள் இதைப் புறக்கணிக்கிறீர்களே, அல்லாஹ்வின் மேல் ஆணையாக இதை உங்கள் தோள்களுக்கு நடுவில் எறியத்தான் போகிறேன்” என்றாராம். நீங்கள் விரும்பாவிட்டாலும் சொல்லியே தீருவேன் என்று அர்த்தம். இது கட்டாயமா, நல்ல பண்பு என்ற அளவிலா என்று சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர்களில் ஒருவரான இமாம் அஹ்மத் கட்டாயம் என்ற பக்கம்.

வாப்பா வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. விடிகாலைத் தொழுகையான சுபுஹு முடிந்ததும் அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றார். “கம்பை நம்ம சுவர்லயே ஊன்றுங்க அண்ணாச்சி. நேத்து நான் சொன்னது தப்பு.” அவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டதும், பதில் சொல்ல வராமல் உள்ளே திரும்பிக் காப்பி கொண்டுவரச் சொன்னதும் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. கல்யாணம் முடிந்து துளைகளை அடைத்தார்கள். அடைத்த ஆறு இடங்களும் இன்றைக்கும் நிறம் மாறித் தெரியும்.

முஸ்லிம் அல்லாதவருக்கும் இந்த உரிமை உண்டா என்ற சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கலாம். குர்ஆனின் 4:36 வசனம் பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகளுக்கு அடுத்து உறவான பக்கத்து வீட்டாரையும் உறவல்லாத பக்கத்து வீட்டாரையும் தனித்தனியாகச் சொல்கிறது. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரின் வீட்டில் ஓர் ஆடு அறுத்தபோது அவர் முதலில் கேட்டதே, “நம் யூதப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?” என்பதுதான். பதில் வருவதற்குள் மறுபடியும் அதையே கேட்டார். இது திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது.

கொடுப்பதைவிட முக்கியம், தொந்தரவு தராமல் இருப்பது. யாருடைய தீங்கிலிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு இல்லையோ அவர் ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டவர் இல்லை என்று நபியவர்கள் அல்லாஹ்வின் மேல் ஆணையாக மூன்று முறை சொன்னார்கள். இதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு வரும் நாமே அடுத்தவர் கேட்டை மறித்து பைக்கை நிறுத்திவிட்டுத் தொழப் போகிறோம். அந்த அரை மணி நேரத்தில் அந்த வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தால் என்ன செய்வார்கள்? தொழுகையில் ஓதும் சத்தம்கூட அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பள்ளிவாசலில் திரையை விலக்கிச் சொன்னவர் நம் நபி. இதை எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

இனி உங்கள் தயக்கம். “நாங்கள் கறி சாப்பிடுவதில்லை” என்று நேராகச் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த முறை பாயசமோ பழமோ வரும். அப்புறம் இன்னொன்று. குர்ஆனின் 107-ஆம் அத்தியாயத்துக்கு ‘மாஊன்’ என்று பெயர். வாளி, சட்டி போன்ற புழங்கும் சாமான்களை இரவல் கொடுப்பதைத்தான் இந்தச் சொல்லால் குறித்தோம் என்று நபித்தோழர் இப்னு மஸ்ஊத் விளக்கியிருக்கிறார். அதைத் தர மறுப்பவர்களைக் கண்டித்துத்தான் அந்த அத்தியாயம் முடிகிறது. அதனால் நீங்களும் ஒரு நாள் அவர்கள் வீட்டில் ஏணியோ அம்மிக்கல்லோ இருந்தால் கேட்டு வாங்குங்கள். சந்தோஷமாகத் தருவார்கள்.