பின்சக்கர டிஸ்க் பேடு: அழுத்தாதீர்கள், திருகுங்கள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார்களில் பின்பக்க டிஸ்க் பேடு (பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கில் உரசும் கட்டை) மாற்றுவது பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு இது பொருந்தாது.

அண்ணாச்சி, என்னுடையது 2007 ஹோண்டா சிவிக். முன்பேடு இரண்டு தடவை நானே மாற்றியிருக்கிறேன். பின்னால் சி கிளாம்ப் போட்டு இறுக்கினால், பேடைத் தள்ளும் பிஸ்டன் இம்மிகூட அசையவில்லை. துருப் பிடித்துவிட்டதா? (பாளையங்கோட்டை)

தம்பி, முதலில் கிளாம்பைக் கழற்றுங்கள். துருவாக இருக்காது, அதன் அமைப்பே அப்படித்தான். முன் காலிப்பரில் (பிஸ்டனும் பேடும் உட்காரும் பிடி) பிஸ்டனை அழுத்தினால் உள்ளே போய்விடும். உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் பின் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. பேடு தேயத் தேய, உள்ளே இருக்கும் திருகு பிஸ்டனைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளி நிறுத்தும். திருகி வந்தது திருகித்தான் போகும். பலத்தைக் காட்டினால் அந்தத் திருகு கெட்டு, காலிப்பரையே மாற்ற வேண்டி வரும். பட்டறைக்கு இப்படி வந்த வண்டிகளைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பேடு செலவோடு முடிய வேண்டிய வேலை அது.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் ஏறி வழியும், பெயின்டில் பட்டால் அரித்துவிடும். பிறகு பிஸ்டன் திருப்பும் கருவியைப் பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளத்தில் பொருத்தி, லேசாக அழுத்திக்கொண்டே வலப்பக்கமாகத் திருகுங்கள். சில கம்பெனி வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் இடப்பக்கம் திருக வேண்டும், அதனால் மற்றவர்கள் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவிக்கில் இன்னொன்று. உள்பேடின் முதுகில் ஒரு சிறு முனை இருக்கும். அது பிஸ்டன் முகத்துப் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பேடு சாய்ந்து கோணலாகத் தேயும்.

பழைய ஸ்கோடா ஆக்டேவியா கார் அண்ணே. இடப்பக்கம் உள்பேடு தகடு வரை தேய்ந்துவிட்டது, வெளிப்பேடு பாதி இருக்கிறது. புதுசு போட்டால் சரியாகிவிடுமா? (அம்பாசமுத்திரம்)

ஆகாது. புதுப்பேடும் அதே மாதிரிதான் போகும். உள்பேடு மட்டும் தேய்ந்தால், மிதியை விட்ட பிறகும் பிஸ்டன் பின்வாங்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். காலிப்பரின் பின்புறம் ஹேண்ட் பிரேக் கேபிள் மாட்டியிருக்கும் நெம்புகோலைப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அது முழுதாகத் திரும்பி நிற்க வேண்டும். நடுவில் நின்றால் கேபிளில் துரு, அல்லது நெம்புகோலே பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கம் வயலும் வாய்க்காலும் ஈரமுமாக இருப்பதால் கேபிள் உறைக்குள் தண்ணீர் தங்கிவிடும்.

காலிப்பர் நகரும் இரண்டு பின் கம்பிகளையும் (pin) உருவிப் பாருங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம், அதில் ரப்பர் ஊதிப்போய் அந்தக் கம்பி இன்னும் இறுகும். பேடு உட்காரும் இடத்துத் துருவையும் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். என்னைக் கேட்டால் பேடு மாற்றுவது சின்ன வேலை, இந்தச் சுத்தம்தான் பெரிய வேலை. தூசியை மட்டும் வாயால் ஊதாதீர்கள். பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்தோடு துடையுங்கள்.

ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது, தேய்ந்த பக்கம் மட்டும் மாற்றலாமா அண்ணே? (தென்காசி)

வேண்டாம்மா. இடமும் வலமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பேடில் உரசும் பாகம் 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றிவிடுங்கள்.

உவரியில் கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. வாரம் ஒரு தடவைதான் வண்டி எடுப்பேன். பின் டிஸ்க் செக்கச்செவேல் என்று துருப் பிடித்து, கிளம்பும்போது கரகரக்கிறது. டிஸ்க்கும் மாற்றணுமா?

உப்புக்காற்றில் ஓரிரவிலேயே மேல்துரு வரும், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பின் டிஸ்க்குக்கு வேலை குறைவு என்பதால் துரு முழுதாகத் தேய்ந்து போகாமல் தங்கிப் பள்ளம் விழும். நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளத்தில் நகம் மாட்டினாலோ ஓரத்தில் உயர்ந்த விளிம்பு இருந்தாலோ அளந்து பார்க்க வேண்டும். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுத்துத் தேய்க்காதீர்கள், புதுசு போடுங்கள். இன்னொன்று, வண்டி பல நாள் நிற்கும் என்றால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுங்கள்.

பேடு மாற்றியதிலிருந்து கீச்சென்று சத்தம். (வள்ளியூர்)

பேடின் முதுகில் வரும் மெல்லிய தகட்டை விட்டுவிட்டார்களா என்று பாருங்கள். இருந்தால், ஆளில்லாத சாலையில் 50 வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஆறவிட்டு, எட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். பேடு படிந்துவிடும்.

அண்ணாச்சி, சிவிக் தம்பிதான். திருகி உள்ளே அனுப்பிவிட்டேன், பேடும் போட்டாச்சு. இப்போது மிதித்தால் பெடல் தரை வரை போகிறது. காற்று புகுந்துவிட்டதா?

ஆயில் குழாயைக் கழற்றவில்லை என்றால் காற்று புக வழியில்லை. பிஸ்டன் பேடிலிருந்து தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். வண்டியை ஓரடிகூட நகர்த்தாமல், பெடல் கல் மாதிரி ஆகும் வரை நிதானமாக மிதியுங்கள். அப்புறம் ஹேண்ட் பிரேக்கைப் பத்துத் தடவை இழுத்து விடுங்கள், உள்ளே இருக்கும் திருகு தன் இடத்துக்கு வரும். அதற்கு முன்னால் கேபிளை இறுக்கிவிடாதீர்கள், பிரேக் பிடித்தபடியே ஓடும். ஆயில் மாற்றி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், மாஞ்சோலை மாதிரி மலைச்சாலையில் இறங்கும்போது சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி பெடல் தொய்ந்துவிடும்.

கே.டி.சி. நகர் வரை மெதுவாகப் போய்த் திரும்புங்கள். வந்ததும் பின்சக்கரம் இரண்டின் பக்கத்திலும், தொடாமல், கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.